காபி போதையைத் தெளியவைக்காது, தம்பி

"அக்கா, நான் பெருசா எதுவும் குடிக்கல. நாலு காபிதான்."

மார்ச் 17, இரவு பதினொன்றரை. பச்சைத் தொப்பி, பச்சைச் சட்டை. வலது மணிக்கட்டு, முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி வளைந்திருந்தது. எக்ஸ்ரே வருவதற்கு முன்பே எலும்பு முறிவு என்று எங்களுக்கெல்லாம் தெரிந்துவிடும் வளைவு அது. டப்ளினுக்குப் படிக்க வந்த நம்ம ஊர்ப் பையன். அயர்லாந்தின் தேசிய விழாவான புனித பேட்ரிக் திருநாளுக்கு நண்பன் அறையில் கூடி, விஸ்கி கலந்த ஐரிஷ் காபி போட்டுக் குடித்திருக்கிறார்கள். முடித்துவிட்டு ஈ-ஸ்கூட்டரில் கிளம்பியவன், டிராம் தண்டவாளத்தில் சக்கரம் மாட்டி விழுந்திருக்கிறான். ஹெல்மெட் இல்லை. கூட வந்தவர் எனக்கே சமாதானம் சொன்னார்: "தெளிவாத்தான் இருந்தான் அக்கா. காபி உள்ள போயிருக்குல்ல?"

இங்கே அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் இதே வசனத்தை யாராவது சொல்லிக் கேட்கிறேன். இந்த வருடம் ஒரே இரவில் மூன்று பேர் சொன்னார்கள். அதனால்தான் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

காபிக்குத் தெரிந்தது ஒரே வேலை, தூக்கத்தை விரட்டுவது. ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலில் ஒரு துளியைக்கூட அது தொடாது. தடுமாறுகிற கால் தடுமாறிக்கொண்டேதான் இருக்கும், பிரேக்கைத் தாமதமாகப் பிடிக்கிற கை தாமதமாகத்தான் பிடிக்கும். ஆனால் தனக்கு ஏறியிருக்கிறது என்பது மட்டும் ஆளுக்குத் தெரியாமல் போய்விடும். காபி கலக்காமல் குடித்திருந்தால் அந்தப் பையன் மூன்றாவது கிளாஸோடு சோபாவில் சாய்ந்திருப்பான். காபி அவனை எழுப்பி, செருப்பு மாட்டி, ஸ்கூட்டரில் ஏற்றி அனுப்பிவைத்தது. காஃபீன் சேர்த்த மதுபானங்களை விற்ற நான்கு நிறுவனங்களை அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010-லேயே எச்சரித்தது இதே காரணத்துக்காகத்தான். மோர், எலுமிச்சைச் சாறு, தலையில் ஒரு வாளித் தண்ணீர் எல்லாம் இதே கணக்குதான். நனைந்த குடிகாரர் கிடைப்பார், அவ்வளவே. போதையை இறக்குவது ஈரல். அதை அவசரப்படுத்த யாராலும் முடியாது. மணிக்குச் சுமார் 10 கிராம் ஆல்கஹால், அதுதான் அதன் வேகம்.

சரி, நாலு காபியில் எவ்வளவு இருந்தது? "பாட்டில்லேர்ந்து அப்படியே ஊத்தினோம்" என்றான். டம்ளரில் இரண்டு விரல் உயரம். குறைத்துக் கணக்கிட்டாலும் 80 மில்லி. 40 சதவீத விஸ்கியில் அது 25 கிராம் ஆல்கஹால். அயர்லாந்தில் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்றால் 10 கிராம். நாலு காபிக்கு 100 கிராம், அதாவது பத்து டிரிங்க். இங்கே ஆண்களுக்கு வாரம் முழுவதற்கும் சொல்லப்படும் வரம்பே 17தான், பெண்களுக்கு 11. பத்து டிரிங்க் இறங்கப் பத்து மணி நேரம் ஆகும். இரவு பன்னிரண்டுக்கு ஆரம்பித்தவர் காலை ஆறு மணிக்கு "தூங்கி எழுந்துட்டேனே" என்று காரை எடுத்தால், ஊதச் சொல்லும் போலீஸிடம் அந்தச் சமாதானம் எடுபடாது. 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் எல்லை. புதிதாக லைசென்ஸ் எடுத்தவருக்கும் டாக்சி, பஸ் ஓட்டுபவருக்கும் 20.

ஐரிஷ் காபிமேல் எனக்குக் கோபம் இல்லை. 1940-களின் தொடக்கத்தில் லிமரிக் மாவட்டத்து ஃபாய்ன்ஸில், கடல் விமானத்தில் வந்து குளிரில் நடுங்கிய பயணிகளுக்காக ஜோ ஷெரிடன் என்ற சமையல்காரர் போட்டுக் கொடுத்தது அது. பயணிகளுக்கு. விமானிகளுக்கு இல்லை. போடுவதென்றால் ஒழுங்காகப் போடுங்கள். கண்ணாடிக் கோப்பையை வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிக் கொட்டிவிட்டு, ஒரு டீஸ்பூன் பழுப்புச் சர்க்கரை, 120 மில்லி கறுப்புக் காபி, அளந்து 35 மில்லி விஸ்கி. இங்குள்ள பப் அளவே 35.5 மில்லிதான். சர்க்கரை கரைந்த பிறகு, லேசாக அடித்த க்ரீமைக் கரண்டியின் முதுகில் மெதுவாக வழியவிடுங்கள். சர்க்கரை போதாவிட்டால் க்ரீம் மிதக்காமல் முங்கும். மேலே வெள்ளை, கீழே கறுப்பு, நடுவில் கத்தியால் கீறிய மாதிரி ஒரு கோடு வரவேண்டும். அளக்கும் ஜிக்கர் ரொம்பச் சின்ன விலைதான். அதுகூட இல்லையா, இருமல் மருந்து மூடியால் அளந்துகொள்ளுங்கள்.

இந்த நாளின் மற்ற பானங்களைப் பற்றியும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பேபி கின்னஸ் பார்க்கத்தான் குட்டி பீர், உள்ளே இருப்பது காபி லிக்கரும் பெய்லிஸ் என்ற க்ரீம் லிக்கரும். டிப்பரரி காக்டெயிலில் ஊற்றும் பச்சை ஷார்ட்ரூஸ் என்ற மூலிகை லிக்கர் 55 சதவீதம், விஸ்கியைவிடக் காட்டம். பச்சை ஃபுட் கலர் சேர்த்த பானம் குடித்தவர்கள், மறுநாள் மலம் பச்சையாகப் போகிறதென்று பதறி வராதீர்கள். சாயம்தான். (1927-லிருந்து 1960-களின் தொடக்கம் வரை இந்த நாளில் பப்களைத் திறக்கவே இங்கே சட்டம் விட்டதில்லை. மூத்த நர்ஸ்கள் இதைப் பெருமூச்சோடு சொல்வார்கள்.)

எனக்கு நிஜமாகவே பயம் தருவது புதினா லிக்கரும் க்ரீமும் சேர்த்து அடிக்கும் பச்சைக் காக்டெயில். மார்ச் மாதக் கடைகளில் பிள்ளைகள் கேட்டு வாங்கும் ஷாம்ராக் மில்க் ஷேக்கும் அதே நிறம், அதே புதினா மணம். விருந்து முடிந்து பாதிக் கோப்பைகளை மேசையிலேயே விட்டுவிட்டுப் படுக்கிறீர்கள். வீட்டில் முதலில் எழுவது யார்? நாலு வயதுக் குழந்தை. சின்ன உடம்பில் ஆல்கஹால் போனால் ரத்தச் சர்க்கரை விழும், வலிப்புகூட வரலாம். படுக்கும் முன் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். குடித்துவிட்டது என்று தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 112-ஐக் கூப்பிடுங்கள்.

அளவு மீறிய நண்பரைத் தனியாக அறையில் போட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், மல்லாக்க வேண்டாம். பக்கத்தில் ஒருவர் விழித்திருங்கள். குடிப்பதை நிறுத்திய பிறகும் போதை ஏறிக்கொண்டிருக்கும். எழுப்பினால் எழவில்லை, மூச்சு இழுத்து இழுத்து வருகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் யோசிக்காமல் போன் போடுங்கள்.

அப்புறம், எங்களிடம் பொய் சொல்லாதீர்கள். எவ்வளவு குடித்தான் என்று நாங்கள் கேட்பது விசாவுக்கோ கல்லூரிக்கோ எழுதிப் போட இல்லை. தலையில் அடிபட்டவன் சொக்கிச் சொக்கி விழுந்தால், அது விஸ்கியா மூளையில் கசியும் ரத்தமா என்று நாங்கள் முடிவெடுக்க வேண்டும். அந்தப் பையனின் "நாலு காபி" உண்மையில் எவ்வளவு என்று நண்பரிடமிருந்து வாங்குவதற்குள் நாற்பது நிமிடம் போய்விட்டது. அதற்குள் நான்கு முறை அவன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கையில் மாவுக்கட்டு, ஆறு வாரம்.