சுவருக்குள் இருக்கும் ஈரம்

புது அடுக்ககத்தில் குடியேறியவர்கள் என்னை அழைக்கும்போது தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள்: "சுவர் முழுக்கக் கம்பி சார், அதனால்தான் வைஃபை வரவில்லை." கட்டடங்களுக்குள் வைஃபை, அலைபேசி இணைப்பு அமைத்துத் தருவது என் தொழில். பழி முழுவதையும் கம்பியின் தலையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சென்ற ஆண்டு சென்னையில் ஒரு வீடு. மைவான் முறையில், அதாவது அலுமினிய அச்சுக்குள் கான்கிரீட்டை ஊற்றிக் கட்டியது. செங்கல்லே கிடையாது, எல்லாச் சுவரும் 16 செ.மீ. கான்கிரீட். கூடத்தில் ரூட்டர், இருபுறமும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இரண்டு படுக்கையறைகள். 5 கிகாஹெர்ட்ஸில் அளந்தேன். ஓர் அறையில் மைனஸ் 68 டி.பி.எம்., மற்றதில் மைனஸ் 79 (டி.பி.எம். என்பது சிக்னல் வலிமையின் அளவு; மைனஸுக்குப் பின் எண் கூடினால் சிக்னல் குறைவு). இரண்டாவது அறைச் சுவரின் அடியில் பெயின்ட் உப்பியிருந்தது. உள்ளங்கையை வைத்தேன், சில்லென்று இருந்தது. குளியலறைக் குழாயில் கசிவு. பிளம்பர் சரிசெய்து மூன்று மாதம் கழித்து அளந்தபோது மைனஸ் 72. கம்பி அப்படியேதான் இருந்தது, ஈரம்தான் குறைந்திருந்தது.

கான்கிரீட் பார்வைக்குக் கல். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள், அவற்றில் சோடியம், பொட்டாசியம் கரைந்த காரநீர். அது மின்சாரத்தைக் கடத்தும். 1940களில் அமெரிக்காவின் அரிசோனா பாலைநிலத்தில் வெடிமருந்துக் கிடங்குகளுக்கு எர்த் தேவைப்பட்டது; வறண்ட மண்ணில் சரியாகக் கிடைக்கவில்லை. ஹெர்பர்ட் யூஃபர் என்ற பொறியாளர் அடித்தளக் கான்கிரீட்டில் புதைந்த கம்பியையே எர்த் ஆக்கினார். ஈரத்தைப் பிடித்துவைக்கும் கான்கிரீட்டின் குணம்தான் அங்கே கைகொடுத்தது. அதே குணம் நம் வீட்டில் சிக்னலைக் குடிக்கிறது: அலை, ஈரத்திலுள்ள அயனிகளையும் நீர் மூலக்கூறுகளையும் அசைத்து, தன் ஆற்றலை வெப்பமாக இழக்கிறது.

அதிர்வெண் ஏற ஏற இழப்பும் ஏறும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.2040 பரிந்துரையில் உள்ள எண்களை வைத்துக் கணக்கிட்டால், 15 செ.மீ. கான்கிரீட் 2.4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 7 முதல் 10 டெசிபெல் விழுங்கும். 5 கிகாஹெர்ட்ஸில் 13 முதல் 17. அதாவது இருபதில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோதான் மறுபக்கம் போகும். ஒரே சுவருக்கு இவ்வளவு!

கம்பிக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. கான்கிரீட்டுக்குள் அலைநீளம் பாதியைவிடக் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அங்கே சுமார் 5.5 செ.மீ.தான், 15 செ.மீ. இடைவெளியில் கட்டிய கம்பிகளுக்கு நடுவே நுழைந்துவிடும். 900 மெகாஹெர்ட்ஸ் அலைபேசி சிக்னலுக்கோ அந்த இடைவெளி அலைநீளத்தை ஒட்டியே வருகிறது. அங்கே கம்பி நன்றாகவே தடுக்கும்.

புது வீட்டில் முதல் மாதமே சிக்னல் குறைவு என்று பதறாதீர்கள். கான்கிரீட்டில் ஓர் அங்குல கனம் உலர ஏறத்தாழ ஒரு மாதம் என்பது கட்டுமானத் துறையின் பழைய கணக்கு. மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். தயவுசெய்து இணையத்தில் விற்கும் அலைபேசி சிக்னல் பூஸ்டரை வாங்கி மாட்டாதீர்கள். அனுமதியின்றி வைப்பது சட்டவிரோதம். பக்கத்து வீட்டில் ஒருவர் 108-ஐ அழைக்கும் அழைப்பைக்கூட அது குலைக்கலாம். வைஃபை வழியாகப் பேசும் வசதி பெரும்பாலான கைபேசிகளில் இருக்கிறது, அதை இயக்குங்கள்.

இப்போதுதான் கட்டப் போகிறவர்களுக்கு: கம்பி கட்டும் நாளில் தளத்தில் நில்லுங்கள். ஒவ்வோர் அறைக்கும் நெட்வொர்க் கேபிளுக்கென்று தனியாக ஒரு 25 மி.மீ. பி.வி.சி. பைப் விடச் சொல்லுங்கள். மைவான் சுவரைப் பிறகு வெட்ட விடமாட்டார்கள்.