பழைய சவரக்கத்தியைச் சாணைக்குக் கொடுக்குமுன் அதன் குழிவைப் பாருங்கள்

கும்பகோணத்தில் சலூன் நடத்திவரும் நான், கேட்பவர்களுக்குப் பழைய மடக்குச் சவரக்கத்திகளைத் தீட்டியும் கொடுக்கிறேன். மலாயாவில் வேலை பார்த்துவிட்டு ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம் திரும்பியவர்களின் டிரங்குப் பெட்டிகளிலிருந்து இத்தகைய கத்திகள் இன்றும் வெளிவருகின்றன. கிடைத்தவுடன் பேரப்பிள்ளைகள் அதைத் தெருவில் வரும் சாணைக்காரரிடமோ பட்டறையிலோ கொடுத்துவிடுகிறார்கள். அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் அந்தச் சாணை பொருத்தமானதே. ஆனால் அலகு எப்படிக் கடையப்பட்டிருக்கிறது என்று பாராமல் சவரக்கத்தியைச் சுழலும் கல்லில் வைத்தால், பல கத்திகள் அன்றோடு முடிந்துவிடுகின்றன.

கத்தியைத் திறந்து, அலகின் நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் குறுக்குவெட்டைப் பாருங்கள். முதுகிலிருந்து வெட்டும் விளிம்பான வாய்வரை இருபக்கமும் ஏறக்குறைய நேராக இறங்கினால் அது ஆப்பு வடிவம். பக்கங்கள் உள்நோக்கி வளைந்திருந்தால் குழிவுக் கத்தி. வளைவின் ஆழத்தைப் பொறுத்துக் கால் குழிவு, அரைக் குழிவு, முழுக் குழிவு என்று பிரிப்பது வழக்கம். கடையும் கல்லின் விட்டம் குறையக் குறையக் குழிவு ஆழமாகும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்யப்பட்ட மிகப் பழைய கத்திகள் பெரும்பாலும் ஆப்பை ஒட்டியவை. ஜெர்மனியின் சோலிங்கன் பிற்காலத்தில் ஆழமான குழிவுக்குப் பெயர் பெற்றது. எனினும் முத்திரையை மட்டும் படித்து முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் ஷெஃபீல்டிலும் குழிவுக் கத்திகள் செய்யப்பட்டன. முழுக் குழிவுக் கத்திகள் சிலவற்றில் அலகின் நடுவே மெல்லிய மேடு ஒன்று நீளவாக்கில் ஓடும். இரண்டு குழிவுகள் சந்திக்கும் அந்த இடம் அலகு துவளாமல் இருப்பதற்காகவே விடப்பட்டது. அதைக் குறை என்று எண்ணித் தேய்த்தெடுத்த கத்திகளைக் காணும்போது மனம் வருந்துகிறது.

ஆப்பு வடிவக் கத்தி கனமானது, வளையாதது. நாள்பட்ட தாடியிலும் அடர்ந்த முடியிலும் துள்ளாமல் செல்லும். ஆனால் தீட்டும்போது அலகின் பக்கத்தில் பெரும்பகுதி கல்லில் படுவதால், நீக்க வேண்டிய எஃகு அதிகம், நேரமும் அதிகம். முழுக் குழிவில் முதுகும் வாயும் மட்டுமே கல்லைத் தொடும் என்பதால் சீக்கிரம் கூர் ஏறும். முடியை வெட்டும் ஓசையும் தெளிவாகக் கேட்கும். அந்த ஓசையைக் கொண்டே கோணம் சரியா என்று பழகிய கை அறிந்துகொள்ளும். அதே மெல்லிய வாய், சற்று அழுத்தினாலும் வளையும், குழாயில் பட்டால் உடையும். புதிதாகப் பழகுபவருக்கு நான் அரைக் குழிவையே சொல்லுவேன்.

இப்போது சாணைக்கு வருவோம். கல்லில் படுக்கவைத்துத் தீட்டும்போது கோணத்தை முடிவு செய்வது முதுகின் பருமன்தான். 18 மி.மீ. அகலமும் 5 மி.மீ. முதுகும் கொண்ட அலகில் வாயின் கோணம் ஏறத்தாழ 16 பாகையாக அமைகிறது. சுழலும் கல்லில் வாயை மட்டும் தேய்த்து அகலத்தைக் குறைத்தால் இந்தக் கணக்கு கெட்டு, கோணம் விரிந்துவிடும். அதைவிடப் பெரிய கேடு வெப்பம். சவரக்கத்தி எஃகைக் கடினமாக்கிய பின் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். நிமிடத்துக்கு 2800 சுற்று ஓடும் மோட்டார் கல்லில் உலர்வாக வைத்தால், முழுக் குழிவின் மெல்லிய வாய் கண்ணிமைப்பதற்குள் 300 டிகிரியை எட்டி நீலம் பாய்ந்துவிடும். கனத்த ஆப்பில் வெப்பம் பரவ இடமுண்டு. குழிவுக் கத்தியின் வாயில் இல்லை. நீலம் பாய்ந்த எஃகு கடினம் இழந்துவிடுவதால், கூர் ஏறினாலும் நிற்காது. ஆகவே தட்டையான தண்ணீர்க் கல்லில், சொரசொரப்பான 1000 எண்ணில் தொடங்கி வழவழப்பான 8000 வரை படிப்படியாக, அழுத்தாமல் தீட்டி, இறுதியில் தோல்வாரில் இழுப்பதே முறை. வாயில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால், எந்தக் கல்லிலும் வைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் வலியுறுத்த வேண்டும். தாத்தாவின் கத்தியைக் கொண்டுவந்து, அதைக் கொண்டே சலூனில் சவரம் செய்யும்படி சிலர் கேட்கிறார்கள், நான் மறுத்துவிடுகிறேன். இரத்தத்தின் வழியே பரவும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் தொற்றும் திறனுடன் இருக்கக்கூடியது. நீராவியில் கிருமி நீக்கினால் கார்பன் எஃகு துருப்பிடிக்கும், செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கால் ஆன பிடி கோணிவிடும். இத்தகைய கத்தி ஒருவருக்கு மட்டுமே உரியது. கடையில், ஒவ்வொருவருக்கும் புதிதாக மாற்றும் பிளேடே சரி.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும், நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றிலும் இந்த எஃகு ஓரிரவில் துருப்பிடிக்கும். துடைத்து உலர்த்தி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி தடவி, குளியலறைக்கு வெளியே வையுங்கள். செல்லுலாய்டு பிடி சிதையத் தொடங்கினால், அதிலிருந்து வரும் ஆவியே பக்கத்திலுள்ள மற்றக் கத்திகளையும் அரிக்கும். அதைத் தனியே காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும்.