மீஷின்: சீன அரசின் வழக்கில் 'மூடநம்பிக்கை'

சீன மக்கள் குடியரசின் சட்டங்களிலும் கட்சி ஆவணங்களிலும் வழிபாடு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் வந்து நிற்கும் சொல் 'மீஷின்'. (குறிலாக எழுதினால் தையல் எந்திரம் நினைவுக்கு வரும் என்பதால் நெடிலாகவே எழுதுகிறேன்.) 'மீ' என்றால் வழி தெரியாமல் திகைத்தல், மயங்குதல், 'ஷின்' என்றால் நம்பிக்கை. தமிழ் இதழ்கள் இதை மூடநம்பிக்கை என்று பெயர்க்கின்றன. அது தவறன்று. ஆனால் தமிழில் மூடநம்பிக்கை என்பது பெரும்பாலும் கருத்துப் போரில் எழும் குற்றச்சாட்டு. சீனாவிலோ மீஷின் அதற்கு மேலும் சென்று, எந்த வழிபாடு அரசின் காப்புக்கு உட்பட்டது, எது உட்படாதது என்று பிரிக்கும் நிர்வாகச் சொல்லாகவும் இருக்கிறது.

பௌத்த சீன வழக்கில் 'மீ' என்பது மெய்யறிவு கூடாத மயக்கம். அதற்கு எதிர்ச்சொல் விழிப்பைக் குறிக்கும் 'வூ'. இன்றைய மீஷின் அந்த மரபிலிருந்து நேராக வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கருத்துகளுக்குச் சீன எழுத்துகளைக் கொண்டே சொல் படைத்த ஜப்பானியர் வழக்கிலிருந்து, சமயம் என்னும் பொருள் தரும் 'சோங்ஜியாவ்' என்ற சொல்லும் அதன் நிழலாக மீஷினும் புதுப்பொருளோடு சீனத்துக்குத் திரும்பின. நூலும் குருமாரும் அமைப்பும் உடையது சமயம். அவை இல்லாத ஊர்த்தெய்வ வழிபாடு, குறி கேட்டல், நிலத்தின் அமைப்பைப் பார்த்து மனையும் கல்லறையும் குறிக்கும் ஃபெங்ஷுய் ஆகியவை மீஷின் என்ற பிரிவினை அப்போது வந்தது. வீட்டு அடுப்பங்கரைத் தெய்வத்தையும் பௌத்த மடத்தையும் வேறுவேறு வகையாக நினைத்திராத மக்களுக்கு இது புதிய கோடு.

இந்தக் கோட்டை முதலில் இழுத்தவர்கள் பொதுவுடைமையர் அல்லர். அவர்களுக்கு முன் சீனாவை ஆண்ட தேசியவாதக் கட்சியான கோமிந்தாங்கின் அரசே 1928-இல் எந்தக் கோயில் நிற்கலாம், எது நீக்கப்பட வேண்டும் என்று விதிமுறை வெளியிட்டது. கன்ஃபூசியஸ் நிலைத்தார், நகரக் காவல்தெய்வமும் நிலத்தெய்வமும் நீக்கப் பட்டியலில் விழுந்தனர்.

பொதுவுடைமைக் கட்சி இச்சொல்லுக்கு ஓர் அடைமொழியை நிலையாகச் சேர்த்தது: 'ஃபெங்ஜியன் மீஷின்'. பழஞ்சீனத்தில் ஃபெங்ஜியன் என்பது பண்டைய சோ குல வேந்தர்கள் தம் சுற்றத்தார்க்கு நாடு பகுத்தளித்த முறை. மார்க்சிய வழக்கில் அது நிலப்பிரபுத்துவம் ஆயிற்று. எனவே நிலத்தெய்வத்தை வணங்கும் உழவர் அறியாமையில் இருப்பவர் மட்டுமல்லர், அழிய வேண்டிய சமூக அமைப்பின் எச்சத்தைச் சுமப்பவரும் ஆவார். 1927-இல் ஹுனான் உழவர் இயக்கம் பற்றிய அறிக்கையில் மாவோ, ஆட்சியதிகாரம், குல அதிகாரம், தெய்வ அதிகாரம், கணவனின் அதிகாரம் ஆகியவற்றை மக்களைக் கட்டிய கயிறுகளாக எண்ணினார். ஆயினும் சிலைகளைச் செய்த உழவரே காலம் வரும்போது தம் கையால் அவற்றை எறிவர், பிறர் அதைச் செய்ய வேண்டியதில்லை என்றும் எழுதினார். 1966-இல் கலாசாரப் புரட்சி தொடங்கியபோது, 'நான்கு பழமைகளை' (பழைய கருத்து, பண்பாடு, வழக்கம், பழக்கம்) ஒழிக்கப் புறப்பட்ட மாணவர் படையான செங்காவலர்கள் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை.

கலாசாரப் புரட்சி ஓய்ந்தபின் கோடு மீண்டும் சட்டமாயிற்று. 1982 அரசியலமைப்பின் 36-ஆம் உறுப்பு 'இயல்பான' சமயச் செயல்களைக் காப்பதாகச் சொல்கிறது. நடைமுறையில் பௌத்தம், தாவோயியம், இஸ்லாம், கத்தோலிக்கம், புராட்டஸ்டண்ட் கிறித்தவம் என்ற ஐந்துக்கே தேசிய அளவிலான ஏற்பு உண்டு. அதே ஆண்டில் கட்சி வெளியிட்ட 19-ஆம் ஆவணம், முகக்குறி, சோதிடம், ஃபெங்ஷுய் பார்த்துப் பிழைப்போரைத் திருத்தி, உழைத்துப் பிழைக்க உதவுமாறு அறிவுறுத்தியது.

இச்சொல்லின் நெகிழ்ச்சி நன்றாகப் புலப்படுவது ஃபூஜியன் மாநிலத்தின் மெய்ஜோவ் தீவில். கடலோடிகளின் தெய்வமான மாசுவின் மூலக்கோயில் அங்கே கலாசாரப் புரட்சியில் இடிக்கப்பட்டு, பின்னர் ஊராரின் முயற்சியில் மீண்டும் எழுந்தது. தைவானிலிருந்து அடியார்கள் வரத் தொடங்கியபோது, நீரிணையின் இருகரையையும் இணைக்கும் அந்தத் தெய்வம் அரசுக்கும் வேண்டியவள் ஆனாள். 2009-இல் யுனெஸ்கோவின் அருவ மரபுப் பட்டியலில் இவ்வழிபாடு ஏறியபோது, சீனத்தில் கொடுத்த பெயர் 'மாசு ஷின்சு'. ஷின் நம்பிக்கை, 'சு' வழக்கம். 'மீ' போய் 'சு' வந்தது. கும்பிடும் கைகளும் ஊதுவத்திப் புகையும் அப்படியே இருக்க, மயக்கம் மரபாயிற்று! மாசுவைப் போல அரசியல் பயன் இல்லாத சிற்றூர்த் தெய்வங்கள் பல, அரசு ஏற்ற ஐந்தில் ஒன்றான தாவோயியத்தின் சங்கத்தில் பதிவு செய்துகொண்டு பிழைக்கின்றன.

பழைய சொல் ஓய்வு பெற்றுவிடவில்லை. ஈமச்சடங்கு நிர்வாகம் பற்றிய 1997-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, 'ஃபெங்ஜியன் மீஷின்' சார்ந்த ஈமப் பொருள்களைச் செய்வதையும் விற்பதையும் தடை செய்தது. முன்னோரை நினைக்கும் சிங்மிங் நாள் 2008 முதல் அரசு விடுமுறை. அதே நாளில் வட சீன நகரங்களில் தெருமுனையில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, கல்லறை இருக்கும் திசை நோக்கிச் சிறு வாயில் விட்டு, அதனுள் இறந்தோர்க்கான தாள்பணம் எரிப்பவரை இந்தத் தடைச்சொல் தொடர்கிறது.

இனித் தமிழ். 'மூட' என்பதன் வடமொழி வேரும் மயங்குதலையே குறிக்கும். மோகமும் அவ்வேரிலிருந்து வந்ததே. தமிழில் அப்பொருள் தேய்ந்து அறிவின்மை மட்டும் நிற்கிறது. தனித்தமிழில் 'மீ' என்பதற்கு நேரானது மருள். 'பொருளல்ல வற்றைப் பொருளென் றுணரும் மருள்' என்று குறளே (351) இலக்கணம் தருகிறது. மருளுக்கு எதிரான தெருள், 'வூ'வோடு பொருந்துகிறது. ஆகவே மருள்நம்பிக்கை என்று ஆக்கத் தோன்றும். ஆனால் சாமி வந்து ஆடுபவரை மருளாளி என்று மதிப்போடு அழைக்கும் ஊர்கள் நம்மிடம் உண்டு. அங்கே மருள் அருளுக்கு அடுத்த வீடு. சீனச் சொல்லில் அந்த மதிப்பு இல்லை. பௌத்த நூல்களின் 'மீ'யை மருள் என்றும், சட்டத்தின் மீஷினை மூடநம்பிக்கை என்றும், ஃபெங்ஜியன் மீஷினை நிலப்பிரபுத்துவ மூடநம்பிக்கை என்றும் பெயர்ப்பதே என் தேர்வு. ஷின்சுவுக்கு வழிபாட்டு மரபு பொருந்தும்.