சைக்கோலொஜி டிகிரிக்கு கடன் எடுக்க முதல் ஒருக்கா கணக்குப் பாருங்க

டிகிரி முடிச்ச உடனே ஒருத்தரும் சைக்கோலொஜிஸ்ட் ஆகிறல்ல. இத முதல்லயே சொல்லிப்போட்டு மத்ததுக்கு வாறன், ஏனெண்டா ஏ.எல் ரிசல்ட் வந்து வெட்டுப்புள்ளி போட்டதும் பிள்ளையளோட வாற தாய் தகப்பன் கனபேருக்கு இது தெரியாது, கொழும்புல இருக்கிற தனியார் கம்பஸ்காரரும் பெரிசா சொல்றல்ல.

நான் மட்டக்களப்புல கவுன்சிலிங் செய்யிற ஆள். பிள்ளையள் இந்தப் பாடத்துக்கு வாறது எனக்கு சந்தோஷம்தான், நம்மட பக்கம் தமிழ்ல இருந்து ஆறுதலா கதைக்க ஆள் காணாது. ஆனா "மிஸ், சம்பளம் எவ்வளவு வரும்" எண்டு கேக்கிற ஆக்கள் "எவ்வளவு கடன் வரும்" எண்டு கேக்கிறது குறைவு.

சம்பளத்த கூகுள்ல தேடினா அமெரிக்கா கணக்குத்தான் முதல்ல வரும். 2023ல அங்க சைக்கோலொஜிஸ்ட்மாருட நடுத்தர வருமானம் வருசத்துக்கு 92,740 டொலர். பாக்க நல்லாத்தான் இரிக்கு, ஆனா அது முதல் டிகிரிக்காரர்ர சம்பளம் இல்ல, அங்க கிளினிக் நடத்த பெரும்பாலான மாநிலங்கள்ல டொக்டரேட்டும் லைசென்ஸும் வேணும், அதுக்கு ஆன கடன் அந்தக் கணக்குல இல்ல. இஞ்சயும் ஏணி அப்பிடித்தான். கிளினிக்கல் பக்கம் போகணும் எண்டா கொழும்பு பல்கலைக்கழகத்துல எம்.பில் எண்டுற மேற்படிப்பு இரிக்கு, எடுக்கிற ஆக்கள் கொஞ்சம், அது முடிச்சு மெடிக்கல் கவுன்சில்ல பதியணும். ஆக கணக்கு மூணு நாலு வருச பீஸோட முடியாது.

வெறும் டிகிரியோட என்ன கிடைக்கும்? பிரதேச செயலகத்துல உளவளத்துணை வேலை, சிறுவர் பாதுகாப்பு பக்கம், இன்டர்நஷனல் ஸ்கூல், என்.ஜி.ஓ. அரசாங்க வேலை எண்டா அப்ளிகேசன் கூப்பிடுற வரைக்கும் காத்திருக்கணும். என்.ஜி.ஓ எண்டா புரொஜெக்ட் முடிய வேலையும் முடியும். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க உளசமூகப் புரொஜெக்ட்தான், இப்ப அந்தக் காசு இல்ல, 2025 தை மாசம் அமெரிக்கா உதவிய நிப்பாட்டினதுல மிச்சமிருந்த வேலையிலயும் கொஞ்சம் போயிற்று.

களுவாஞ்சிக்குடிப் பக்கத்துல இருந்து ஒரு தாயும் மகளும் வந்தாங்க (அடையாளம் தெரியாம கொஞ்சம் மாத்தித்தான் எழுதுறன்). பிள்ளை கெட்டிக்காரி. கம்பஸ் தந்த பேப்பர்ல பீஸ் ரெண்டா இருந்திச்சு, ஒண்டு ரூபாயில, மத்தது பிரிட்டன் யுனிவர்சிட்டிக்குப் போற காசு, பவுண்ட்ஸ்ல. தாய் ரூபாய் கணக்க மட்டும்தான் கூட்டி வச்சிருந்தா. கைப்பைக்குள்ள நகை அடகு வச்ச துண்டு, தாலிக்கொடிய மட்டும் விட்டு மத்ததெல்லாம் அதுல இரிக்கு. 2022ல டொலர் 200ல இருந்து 360 வரைக்கும் ஏறினது எல்லாருக்கும் ஞாபகம் இரிக்கும், அந்த நேரம் பவுண்ட்ஸ்ல கட்டுற வீடுகளுக்கு பீஸ் கூடாமலே பீஸ் கூடினது.

நான் அண்டைக்கு ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினன். 15 லட்சம் கடன், வட்டி நூத்துக்கு 15 எண்டு வைங்க, அஞ்சு வருசத்துல கட்டுறதெண்டா மாசம் 35,700 கிட்ட வரும், மொத்தமா 21 லட்சத்துக்கு மேல. முதல் சம்பளம் 50,000 எண்டு வச்சா மிச்சம் 14,300, அதுக்குள்ள போடிங் காசு, பஸ், சாப்பாடு. மாஸ்டர்ஸ் எங்க படிக்கிற? தாய் ஒண்டும் கதைக்கல்ல, மகள்தான் "அப்ப நான் படிக்கேலாதா மிஸ்" எண்டு கேட்டா. படிக்கலாம் மகள், வழிய மாத்தணும்.

அரசாங்க யுனிவர்சிட்டி கிடைச்சா பீஸ் இல்ல, பேராதனையிலயும் யாழ்ப்பாணத்துலயும் சைக்கோலொஜி இரிக்கு, மஹாபொல புலமைப்பரிசில் கிடைச்சா செலவுக்கும் உதவும். ஒரு சில பொயின்ட்ல தவறினா ரெண்டாம் தரம் ஏ.எல் எடுக்கிறது வெக்கமில்ல, ஒரு வருசம் போகும்தான், 15 லட்சம் போகாது. தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனத்துல சோஷல் வேர்க் டிகிரியும் இரிக்கு, அத ஒருத்தரும் கணக்கெடுக்கிறல்ல, கள வேலைக்கு அது நல்ல டிகிரி எண்டுதான் நான் சொல்லுவன்.

தனியார்தான் எண்டா காசு கட்ட முதல் சிலத எழுத்துல கேளுங்க. உள்ளூர் டிகிரி எண்டா 1978 பல்கலைக்கழகச் சட்டத்துல 25ஏ பிரிவுக்குக் கீழ டிகிரி குடுக்க அனுமதி இரிக்கா? வெளிநாட்டு டிகிரி எண்டா யு.ஜி.சி எண்டுற பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்த யுனிவர்சிட்டிய ஏத்துக்கொள்ளுதா? இல்லாட்டி அரசாங்க வேலைக்குப் போகக்குள்ள மாட்டுப்படும். பிரிட்டன் டிகிரி எண்டா இன்னுமொண்டு, பி.பி.எஸ் எண்டுற பிரிட்டிஷ் சைக்கோலொஜிகல் சொசைட்டிட அங்கீகாரம் இஞ்ச நடத்துற கோர்ஸுக்கும் இரிக்கா எண்டு பாருங்க, அங்க நடக்கிற கோர்ஸுக்கு இரிக்கிறது எண்டதால இதுக்கும் இரிக்கும் எண்டு இல்ல. வாயால "ஓம் ஓம்" எண்டா காணாது, ஈமெயில்ல வாங்குங்க.

கடன் எடுக்காம ஏலாது எண்டா முதல்ல அரசாங்கத்துட வட்டியில்லாக் கடன பாருங்க, 2017ல தொடங்கினது, வட்டிய அரசாங்கம் கட்டும், முதல மட்டும் நீங்க கட்டணும். எல்லா கம்பஸும் எல்லா கோர்ஸும் அதுல இல்ல, அந்த வருசத்து லிஸ்டப் பாத்துத்தான் போடணும். மைக்ரோ பைனான்ஸ் பக்கம் மட்டும் போகவே வேணாம். கிழமைக் கிழமை ஆள் வாசலுக்கு வாற கடன், நாலு வருசம் கழிச்சு வாற சம்பளத்துக்கு ஒத்துவராது. அந்தக் கடனால நித்திரை இல்லாம என்னட்ட வாற தாய்மார் இப்பவும் இரிக்காங்க.

அந்தப் பிள்ளை இப்ப ரெண்டாம் தரம் ஏ.எல்லுக்குப் படிக்கிறா. தாய் அடகு வச்சதுல ரெண்டு வளையல மீட்டுட்டாவாம்.