போடியில் சீறும், மூணாறில் முனகும்: கேஸ் ரிவால்வருக்குள் நடப்பது

ஒரே ஏர்சாஃப்ட் ரிவால்வர் (கேஸ் அழுத்தத்தில் சிறு பிளாஸ்டிக் குண்டைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி), ஒரே கேஸ். போடிநாயக்கனூரில் சித்திரை வெயிலில் சுட்டால் சத்தம் காதை அடைக்கும். சில சமயம் ஹேமர் (பின்னால் இருக்கும் சுத்தியல்) விழுந்தும் குண்டே வராது. போடிமெட்டு ஏறி, மார்கழி விடியலில் மூணாறில் அதையே எடுத்துச் சுட்டால் குண்டு நாலு எட்டில் தரையைத் தொடும். இரண்டு இடத்திலும் பழி துப்பாக்கி மேல்தான் விழுகிறது. காரணமோ கைப்பிடிக்குள் இருக்கும் திரவத்தின் சூடும் குளிரும்.

டயரில் காற்று குறையக் குறைய அழுத்தமும் இறங்கும். கேஸ் டாங்கியில் அப்படி நடப்பதில்லை. உள்ளே இருப்பது அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட புரொப்பேன். அதன் மேல் அதன் ஆவியே நிற்கிறது. கொஞ்சம் ஆவி வெளியேறினால் திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பிவிடும். ஆகவே ஒரு சொட்டு திரவம் மிச்சமிருக்கும் வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலாக 10 டிகிரியில் சுமார் 5.4 பார் (ஒரு பார் ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்), 20-ல் 7.3, 30-ல் ஏறக்குறைய 10, 40-ல் 12.7 பார். மலையின் உயரத்துக்கு இதில் பங்கு மிகக் குறைவு. வேலையைச் செய்வது குளிர்தான்.

கடையில் ‘கிரீன் கேஸ்’ என்று விற்பது பெரும்பாலும் இந்தப் புரொப்பேன், கூடவே கொஞ்சம் சிலிக்கான் எண்ணெய். ஜப்பானியத் துப்பாக்கிகள் பல 134ஏ என்ற குளிரூட்டி வாயுவுக்காகச் செய்யப்பட்டவை. அது 30 டிகிரியில் 6.7 பார்தான் கொடுக்கும். அந்தத் துப்பாக்கியில் சமவெளி வெயிலில் கிரீன் கேஸ் அடைத்தால் நாளடைவில் பிளாஸ்டிக்கோ அலுமினியமோ விரிசல் விடும். சரி, 134ஏ என்றால் கார் ஏ.சி. மெக்கானிக்கிடமே இருக்கிறதே என்று போகவும் வேண்டாம். அந்தக் கேன்கள் சிலவற்றில் கம்ப்ரசர் எண்ணெயும் கசிவடைக்கும் பசையும் கலந்திருக்கும். வீட்டு சமையல் சிலிண்டர் பக்கம் போகவே கூடாது. அதில் எவ்வளவு பியூட்டேன், எவ்வளவு புரொப்பேன் என்பது உங்களுக்குத் தெரியாது, சிலிக்கான் கிடையாது, அடுப்படியில் கசிந்தால் வீடே போகும்.

விசையை இழுத்தால் உருளை ஓர் அறை சுழன்று நிற்கும். ஹேமர் விழுந்து ஒரு சிறு ஊசியைத் தட்டும். ஊசி வெளியேற்று வால்வை நொடியின் சிறு பகுதிக்குத் திறக்கும். அந்த இடைவெளியில் பாயும் ஆவி ஷெல்லுக்குள் (உருளையின் அறையில் செருகும், குண்டைத் தாங்கும் உறை) புகுந்து 6 மில்லிமீட்டர் குண்டைக் குழலில் தள்ளுகிறது. 0.20 கிராம் குண்டு நொடிக்கு 100 மீட்டரில் போனால் அதன் ஆற்றல் சரியாக 1 ஜூல். கண்ணைக் கெடுக்க அது தாராளம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கேனைக்கூடத் தொடாதீர்கள்.

வால்வைத் திறக்க ஹேமர் எதிர்த்துப் போராடுவதும் இதே அழுத்தத்தோடுதான். அது மிகவும் ஏறிவிட்டால் ஸ்பிரிங்கின் வேகம் போதாமல் வால்வு அசையாது. வெயிலில் ‘டொக்’ என்ற சத்தம் மட்டும் வந்து குண்டு வராததற்கு இதுவே காரணம். துப்பாக்கியைப் பத்து நிமிடம் நிழலில் வையுங்கள், சரியாகிவிடும். ஸ்பிரிங்கை மாற்ற அவசரப்பட வேண்டாம்.

அடைக்கும் முறைக்கு வருவோம். முதலில் ஷெல்களை உருவிவிடுங்கள். பெரும்பாலானவற்றில் நிரப்பு வால்வு கைப்பிடியின் அடியில் இருக்கும். டனாகா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பெகாசஸ் வகையில் டாங்கி உருளைக்குள்ளேயே இருப்பதால் வால்வும் அங்கேதான். வால்வு மேலே பார்க்கும்படி துப்பாக்கியைத் திருப்பி, கேனைத் தலைகீழாக அதன் மேல் செங்குத்தாக அழுத்த வேண்டும். கேனை நிமிர்த்திப் பிடித்தால் ஆவி மட்டுமே போகும், நாலு குண்டுக்குள் தீர்ந்துவிடும். சாய்த்து அழுத்தினால் பாதி கேஸ் விரலில் தெறிக்கும். புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. தோல் வெந்ததுபோல் ஆகும்.

மூன்று முதல் ஐந்து நொடி போதும். ஓரத்தில் வெள்ளையாகத் திரவம் துப்பத் தொடங்கும் முன்பே நிறுத்துங்கள். விளிம்பு வரை நிரப்பினால் ஆவிக்கு இடமில்லை; சூடேறும் திரவம் விரிந்து வால்வையும் ரப்பரையும் நசுக்கும். முதல் சில சுடுதல்களில் குழலிலிருந்து புகையாகத் திரவமும் வரும்.

சில நாள் எவ்வளவு அழுத்தினாலும் கேஸ் ஏறாது. கேனைவிடத் துப்பாக்கி சூடாக இருக்கிறது என்று பொருள். உள்ளே நுழையும் திரவம் சூடான உலோகத்தில் பட்டு உடனே ஆவியாகி எதிர் அழுத்தம் கொடுக்கிறது. வால்வின் நடு ஊசியை ஒரு முறை அழுத்திக் கொஞ்சம் ஆவியை வெளியே விட்டால் டாங்கி குளிரும், அடுத்த அழுத்தலில் ஏறிவிடும். இதை வெட்டவெளியில் செய்ய வேண்டும். பக்கத்தில் பீடியோ டீக்கடை அடுப்போ இருக்கக் கூடாது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். அடைத்த பின் இரண்டு நிமிடம் சும்மா வையுங்கள்.

தொடர்ந்து சுட்டால் வேகம் குறைவதும் வெப்பக் கணக்குதான். 1 கிராம் புரொப்பேன் ஆவியாக சுமார் 340 ஜூல் வெப்பம் வேண்டும். அதை மிச்சத் திரவத்திடமிருந்தும் உலோகத்திடமிருந்தும் பிடுங்குகிறது. மூணாறு குளிரில் ஆறு சுட்டு, உள்ளங்கைச் சூட்டில் ஒரு நிமிடம் பிடித்து, பிறகு அடுத்த ஆறு என்று போக வேண்டும். தீயில் காட்டுவது, வெந்நீரில் வைப்பது எல்லாம் வம்பு.

வால்வின் ரப்பர் காயாமலிருக்க எண்ணெய் வேண்டும். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கைக்கெட்டும் எண்ணெய் தேங்காயெண்ணெய். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும்: போடியில் வால்வுக்குள் எண்ணெய், மூணாறில் மெழுகு. நாள்பட்டால் பிசினாகவும் ஒட்டும். தையல் மெஷின் எண்ணெயும் உதவாது. நைட்ரைல் ரப்பர் அதைத் தாங்கும், சிலிக்கான் ரப்பரும் ஈ.பி.டி.எம். ரப்பரும் ஊதிப்போகும், உங்கள் துப்பாக்கியில் எந்த ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) எங்கே இருக்கிறது என்று பெட்டியில் எழுதியிருக்காது. சிலிக்கான் எண்ணெய் இரண்டு சொட்டை கேன் மூக்கில் விட்டு அடைத்தால் கேஸே அதை ரப்பர் வரை கொண்டுபோகும். குழலில் அது தங்கக் கூடாது. துணி சுற்றிய கம்பியால் உலரத் துடைத்துவிடுங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். நிரப்பு வால்வை மட்டும் முக்குங்கள். குமிழ் அங்கே வந்தால் அதன் ஓ-ரிங் காய்ந்திருக்கிறது அல்லது திருகு தளர்ந்திருக்கிறது. டாங்கியைக் காலி செய்த பிறகே திருகைத் தொடலாம். அங்கே குமிழ் இல்லாமல் உருளைப் பக்கம் ‘உஸ்’ கேட்டால் வெளியேற்று வால்வின் சீல் போயிருக்கிறது.

சக்தி குறைந்தால் உருளையின் ஆறு அறைக்கும் எண் போட்டுச் சுட்டுப் பாருங்கள். ஆறும் மந்தமாக இருந்தால் கேஸ் அல்லது வால்வு. ஒன்று மட்டும் மந்தமென்றால் அந்த ஷெல்லின் ரப்பர். ஷெல்லை இடம் மாற்றினால் கோளாறும் கூடவே இடம் மாறும். மாறாமல் அதே அறையில் நின்றால் உருளை சரியான கோணத்தில் நிற்கவில்லை. குழல் வாயில் செதுக்கிய குண்டுத் துகள் கிடக்கும்.

12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி வேறு சாதி. 20 டிகிரியிலேயே 56 பார். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவமே இருக்காது, அழுத்தம் விறுவிறுவென ஏறும். கிரீன் கேஸ் துப்பாக்கியில் அதற்கு வேலையில்லை. அதற்கென்றே செய்த ரிவால்வரிலும் குப்பியின் முனையில் சிலிக்கான் தடவி, ஒரே மூச்சில் திருகி, முழுதும் தீர்ந்த பிறகே கழற்ற வேண்டும். இரவு முழுக்க விட்டுவைத்தால் சீல் சப்பையாகிவிடும். கிரீன் கேஸ் துப்பாக்கிக்கு நேர்மாறு: கொஞ்சம் கேஸை விட்டுவைத்தால் ரப்பர் அதன் இடத்தில் படிந்து நிற்கும்.

தென்மேற்குப் பருவமழையில் திருகுகளும் ஸ்பிரிங்குகளும் துருப்பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவையுங்கள். கேன்களை நிறுத்திய காருக்குள் விடாதீர்கள், 50 டிகிரி அவற்றுக்கு எல்லை. தமிழ்நாடு-கேரள எல்லை தாண்டும்போது துப்பாக்கி காலியாக, பூட்டிய பெட்டியில், பில்லோடு டிக்கியில் இருக்கட்டும். சோதனைச்சாவடியில் டார்ச் அடிக்கும் காவலருக்கு அது நிஜத் துப்பாக்கியாகத்தான் தெரியும். காப்புக்காடு வழியாகப் போவதென்றால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.