செல்லு சொல்லுச்சு, மாத்திரை போட்டேன்

சென்ற ஆண்டு ஓ.பி.யில் ஒரு அம்மா என் மேசை மேல் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். உள்ளங்கை செக்கச்செவேலென்று இருந்தது, விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. செருப்புப் போட முடியாமல், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்திருந்தார். வாயெல்லாம் புண். மூன்று நாளாக வயிற்றுப்போக்கு வேறு.

குடல் புற்றுநோய்க்குக் கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை எடுப்பவர். காலையும் இரவும் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 14 நாள் போட்டுவிட்டு 7 நாள் விட வேண்டும். அந்த 7 நாளில்தான் உடம்பு தேறும். அவரோ 19-ஆவது நாளும் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த சுற்றுக்கான மாத்திரையும் கையில் இருந்திருக்கிறது. “ஏம்மா நிறுத்தல?” என்று கேட்டேன். “செல்லு சொல்லுச்சு டாக்டர், போட்டேன்” என்றார்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகன், அம்மா மாத்திரையை மறக்கக் கூடாதே என்று ஒரு நினைவூட்டும் செயலியைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதில் ‘தினமும்’ என்று அழுத்தியதோடு சரி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்கறையோடுதான் செய்தார். மருந்துச் சீட்டில் இடைவெளியை எழுதிய நாங்களும் அந்த ஃபோனை ஒரு தடவை வாங்கிப் பார்க்கவில்லையே. அந்த அம்மாவை அட்மிட் செய்து, சலைன் ஏற்றி, அடுத்த சுற்றுக்கு டோஸைக் குறைக்க வேண்டியிருந்தது.

அதற்காக ஆப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஈதன் பாஷ் என்ற மருத்துவரின் குழு நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானபோது, எங்கள் துறையில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினோம். நோய் முற்றிய நிலையில் கீமோ எடுத்த 766 பேர். ஒரு பிரிவினர் வாந்தி, வலி, மூச்சுத் திணறல் போன்ற 12 தொந்தரவுகளை இணையம் வழியாகத் தாங்களே பதிவு செய்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. பதிவு செய்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26. இந்த ஐந்து மாதத்துக்காகப் புதிதாக எந்தக் கீமோ மருந்தும் கொடுக்கவில்லை. தொந்தரவு கூடினால் உடனே நர்ஸுக்குத் தகவல் போகும் ஏற்பாடு அதில் இருந்தது. தகவல் பார்த்த நர்ஸ் கூப்பிட்டுப் பேசினார், மருந்தை மாற்றச் சொன்னார், தேவைப்பட்டால் வரவழைத்தார்.

அதனால்தான் யாராவது ஒரு புது ஆப்பைக் காட்டி “போட்டுக்கலாமா டாக்டர்?” என்று கேட்டால், நான் திருப்பி ஒரு கேள்வி கேட்கிறேன்: நீங்கள் இதில் எழுதுவதை யார் பார்ப்பார்கள், எத்தனை மணிக்குப் பார்ப்பார்கள்? பதில் தெரியவில்லை என்றால் அது ஒரு டைரி. டைரியாக வைத்துக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆபத்துக்கு அதை நம்பாதீர்கள்.

முக்கியமாகக் காய்ச்சல். பல கீமோ மருந்துகளுக்கு, ஊசி போட்ட 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள், கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அப்போது தெர்மாமீட்டர் 100.4 காட்டினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். ராத்திரி பதினொரு மணிக்கு 101 என்று ஆப்பில் பதிந்துவிட்டு, ஒரு பாராசிட்டமால் போட்டுப் படுத்து, காலையில் ரத்த அழுத்தம் இறங்கிய நிலையில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. காய்ச்சல் என்றால் ஃபோன் செய்யுங்கள், கிளம்பி வாருங்கள். வண்டி இல்லையென்றால் 108.

இன்னொரு சிக்கல் மொழி. ‘நரம்புப் பாதிப்பு: 0 முதல் 4 வரை’ என்று கேட்டால் எங்கள் பாட்டிமார் எதை அழுத்துவார்கள்? “சட்டைப் பட்டன் போட வருதாம்மா?” என்று கேட்டால் அடுத்த நொடியே பதில் வந்துவிடும். எழுதத் தெரியாதவர்களிடம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்கிறேன். குரல் கேட்டாலே பாதி புரிந்துவிடும். அதுவும் பகல் நேரத்துக்குத்தான், அவசரத்துக்கு இல்லை. அப்புறம், இந்த உணவைச் சாப்பிட்டால் கட்டி கரையும் என்று சொல்லும் ஆப் எதுவாக இருந்தாலும் அன்றைக்கே அழித்துவிடுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டை ஏற்றச் சொன்னால், அது எங்கே போகிறது என்று கேட்காமல் ஏற்றாதீர்கள்.

அந்த அம்மா இப்போது நலம். மகன் அதே செயலியில் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் போட்டு என்னிடம் காட்டிவிட்டுத்தான் ஊருக்குப் போனார். அம்மாவும் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். சுவரில் மாட்டிய டெய்லி காலண்டரில் 15-ஆவது நாளின் தாளைத் தேடிப் பிடித்து, ‘மாத்திரை கிடையாது’ என்று சிவப்புப் பேனாவில் எழுதி வைத்திருக்கிறாராம்.