ஃப்ரெடி பொம்மை ஏன் பிசுபிசுக்குது?

போன வாரம் ஒரு வாசகர் கேட்ட கேள்வி இது. ராக் இசைக்காரங்களோட வினைல் பொம்மைகளை சேர்க்கிறவர் அவர், ஹெண்ட்ரிக்ஸ், ஆஸி, கர்ட் கோபெய்ன்னு ஒரு அலமாரி நிறைய வெச்சிருக்கார், அதுல 1986 வெம்ப்ளி கச்சேரியோட மஞ்சள் ஜாக்கெட் போட்ட, குயீன் குழுவோட பாடகர் ஃப்ரெடி மெர்குரியை மட்டும் ரெண்டு வருஷம் கழிச்சு டப்பாவுல இருந்து எடுத்தா கையில பிசுபிசுன்னு ஒட்டுதாம். பொம்மைக்கு வேர்த்தா வீட்டுக்கு ஆகாது, தூக்கிப் போடுன்னு வீட்ல பெரியவங்க சொல்றாங்களாம். தயவுசெஞ்சு போட்டுடாதீங்க. அது வேர்வையும் இல்ல, சகுனமும் இல்ல.

அமெரிக்காவுல ஃபங்கோ கம்பெனி 2010ல பாப் வரிசையை ஆரம்பிச்சதுக்கு அப்புறம் இந்த பெரிய தலை, கருப்பு கண்ணு பொம்மைகள் உலகம் முழுக்க பரவிடுச்சு, ஆனா யார் செஞ்சாலும் வினைல் பொம்மைன்னா அது பிவிசிதான், அதாவது பாலிவினைல் குளோரைடுங்கிற பிளாஸ்டிக். எல்பி ரெக்கார்டும் அதே குடும்பம். அப்போ குயீன் ரெக்கார்டு விறைப்பா இருக்கு, ஃப்ரெடி பொம்மை மட்டும் ஏன் மெத்துன்னு இருக்கு?

பிவிசியோட மூலக்கூறு ஒவ்வொண்ணும் கார்பன் கோத்த நீளமான சங்கிலி மாதிரி, அந்த சங்கிலியில ஒரு கார்பன் விட்டு ஒரு கார்பன்ல குளோரின் உக்காந்திருக்கும். குளோரின் எலக்ட்ரானை தன் பக்கம் இழுக்கும்னு ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க, அதனால பக்கத்து பக்கத்து சங்கிலிகள் ஒண்ணை ஒண்ணு கெட்டியா பிடிச்சுக்கும், சுமார் 80 டிகிரி செல்சியஸ் தாண்டினாதான் அந்தப் பிடி தளரும். 1926ல வால்டோ சீமன்னு ஒரு அமெரிக்க வேதியியலாளர், ரப்பரை உலோகத்தோட ஒட்டறதுக்கு பசை தேடிட்டிருந்தவர், இந்த பிவிசியை கொதிநிலை அதிகமான திரவத்துல போட்டு சூடாக்கினார். ஆறினதும் கிடைச்சது பசை இல்ல, இழுத்தா நீளுற, வளையுற ஒரு பொருள். அந்த திரவத்தோட வேலையைத்தான் இன்னிக்கு பிளாஸ்டிசைசர்னு சொல்றோம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். பிளாஸ்டிசைசர் மூலக்கூறுல ஒரு பகுதி குளோரினோட ஒத்துப்போகும், மீதி எண்ணெய் மாதிரி வாலு. கூட்டமா நிக்கிறவங்க நடுவுல ஒருத்தர் புகுந்து தோளால இடம் பண்ற மாதிரி இது ரெண்டு சங்கிலிக்கு நடுவுல புகுந்து பிடியை தளர்த்திடும், அப்புறம் சாதாரண ரூம் சூட்டுலயே சங்கிலிகள் நகர ஆரம்பிச்சுடும், பொம்மை மெத்துன்னு ஆயிடும். ஆனா கவனிங்க, அது சங்கிலியோட வேதிப்பிணைப்பு எதுவும் போட்டுக்கல. சும்மா நடுவுல இருக்கு, அவ்ளோதான். அதனால வருஷக்கணக்கா மெதுவா நகர்ந்து நகர்ந்து மேற்பரப்புக்கு வந்துடும். திறந்த இடமா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா ஆவியாயிடும், மூடின டப்பாவுக்குள்ள போக வழி இல்லாம மெல்லிசான படலமா தங்கிடும். உங்க விரல்ல ஒட்டினது அந்தப் படலம். சூடு ஏற ஏற நகர்ற வேகமும் ஏறும்.

இதை நீங்க சின்ன வயசுலயே பார்த்திருப்பீங்க. ஜாமெட்ரி பாக்ஸ்ல ரப்பரை பிளாஸ்டிக் ஸ்கேல் மேல போட்டுட்டு லீவு முடிஞ்சு திறந்தா ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஸ்கேல்ல பள்ளம் விழுந்திருக்கும்ல? அந்த ரப்பரும் பெரும்பாலும் பிவிசிதான், அதுல இருந்த பிளாஸ்டிசைசர் ஸ்கேலுக்குள்ள குடிபோய் அதை இளக்கிடுச்சு. அமெரிக்காவுல 2008 சட்டம் குழந்தைகள் பொம்மைல தாலேட்னு சொல்ற பிளாஸ்டிசைசர்கள்ல சில வகைகளை 0.1 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னுடுச்சு, அது நல்ல விஷயம், ஆனா அதுக்கு பதிலா வந்த பிளாஸ்டிசைசர்களும் பிணைப்பு இல்லாம நடுவுல உக்கார்றதுதான்.

அப்போ டப்பாவை திறந்து காத்தாட வெச்சா சரியாயிடுமா? பிசுக்கு குறையும், ஆனா இருக்கிற பிளாஸ்டிசைசர் போயிட்டே இருக்கும், பல வருஷத்துல பொம்மை விறைச்சு சுருங்கும். டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்துல யுவோன் ஷஷுவா இதை ஆராய்ஞ்சு, இறுக்கி மூடின கண்ணாடிக்குள்ள வெச்சா இழப்பு மெதுவாகுதுன்னு காட்டினாங்க. அப்போலோ விண்வெளி உடைல இருந்த பிவிசி குழாய்களுக்கும் இதே வியாதிதான். புது பிளாஸ்டிக் கண்டுபிடிக்க கொட்டுற பணத்துல ஒரு துளியாவது பழைய பிளாஸ்டிக் எப்படி சாகுதுன்னு படிக்க ஒதுக்கணும், போன நூற்றாண்டோட பாதி வாழ்க்கை இந்தப் பொருள்லதான் இருக்கு.

ஃப்ரெடியை வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு விட்டு, மெல்லிசான துணியால துடைச்சு நிழல்ல காய வைங்க. அசிட்டோன் பக்கமே போகாதீங்க, மீசை பெயின்ட் போயிடும். வெயில் படாத, வீட்லயே குளிர்ச்சியான அலமாரியா பாருங்க. அழகா இருக்கேன்னு ரெக்கார்டு மேல மட்டும் நிக்க வெச்சுடாதீங்க, ஸ்கேலுக்கு நடந்தது அதுக்கும் நடக்கலாம்.